அவன் காட்டுறது எல்லாம் நெசம்தான், அங்கதான் மாட்டிக்கிறோம்

போன மாசம் ஒரு சாயங்காலம் வடசென்னை டி.எச். ரோட்டுல நம்ம கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு பெரியவரு வந்தாரு, துறைமுகத்துல வேலை பாத்து ரிடையர் ஆனவரு, லேப்டாப்பை ஜவுளிக்கடை கட்டைப்பையில போட்டு மேல ஒரு துண்டை சுத்தி நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டு வந்தாரு, காய்ச்சல் வந்த கொழந்தைய ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போற மாதிரி. "தம்பி, இதுல 8,300 எரர் இருக்குதாம்பா, ஹேக்கருங்க உள்ள பூந்துட்டானுங்களாம், கம்பெனிக்காரனே சொல்லிட்டான், நீ கொஞ்சம் பாரேன்"னாரு. யாரு ஐயா எண்ணுனதுன்னு கேட்டேன். அந்த கம்பெனிக்காரனே என் கண்ணு முன்னாடி தொறந்து காட்டுனான், செவப்பு செவப்பா இருந்துச்சு, நானே பாத்தேன்னாரு.

நான் ஒன்னும் பேசல. கடை கம்ப்யூட்டரை அவர் பக்கமா திருப்பி அதே எடத்தை தொறந்து காட்டுனேன். 11,000க்கு மேல இருந்துச்சு. இந்த மெஷின்லதான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஆதார் பிரிண்டு, ரயில் டிக்கெட்டு, பசங்க ப்ராஜெக்ட்டுன்னு ஓட்டிட்டு இருக்கேன், அது பாட்டுக்கு ஓடுது. மனுசன் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் "அப்போ நான் கட்டுன காசு?"ன்னாரு.

உங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, நாங்க சரி பண்ணித் தர்றோம்னு சொல்லி காசு புடுங்குறானுங்களே, இந்த டெக் சப்போர்ட் மோசடின்னு பேச்சு வந்தாலே எல்லாரும் போலி வைரஸ், போலி எச்சரிக்கைன்னு சொல்லிட்டு போயிடுறாங்க. பாதிதான் கரெக்ட்டு. மொதல்ல ‘வைரஸ், இந்த நம்பருக்கு போன் பண்ணு’ன்னு ஸ்க்ரீன்ல வந்து அலறுது பாருங்க, அது போலிதான். ஆனா நாம அந்த நம்பருக்கு போன் பண்ணதுக்கு அப்புறம் அவன் உங்க கம்ப்யூட்டருக்குள்ள பூந்து ஒவ்வொன்னா தொறந்து காட்டுறான் பாருங்க, அதுல முக்காவாசி அச்சு அசல் நெசம். விண்டோஸே எழுதி வெச்சது. அர்த்தம் மட்டும் அவன் சொல்றது. அதனாலதான் படிச்சவங்க, கணக்கு வழக்கு பாக்குறவங்க, வாத்தியாருங்க கூட மாட்டுறாங்க, ஏன்னா ‘சும்மா சொன்னா நம்ப மாட்டேன், கண்ணால பாத்தாதான் நம்புவேன்’ங்கற டைப்புக்குன்னே செஞ்ச ட்ரிக்கு இது.

ஒவ்வொன்னா சொல்றேன், தெரிஞ்சுகிட்டா அப்புறம் சிரிப்புதான் வரும்.

அந்த செவப்பு லிஸ்ட்டு இருக்குதே, அதுக்கு பேரு ஈவண்ட் வியூவர். விண்டோஸ் தனக்கு நடக்குற எல்லாத்தையும் அதுல குறிச்சு வெச்சுக்கும். வைஃபை ஒரு செகண்டு உட்டுப்போச்சா, எழுது. ஏதோ ஒரு ப்ரோக்ராம் லேட்டா தொறந்துச்சா, எழுது. பிரிண்டரை தேடுனேன் காணோம், எழுது. வூட்டுல திண்ணையில ஒக்காந்துட்டு பெருசு ஒன்னு நாள் பூரா மொனகிக்கிட்டே இருக்கும்ல, கதவு கிறீச்சுங்குது, பால்காரன் லேட்டு, பூனை குறுக்க போச்சுன்னு, அந்த மாதிரி. அதைக் கேட்டுட்டு யாராவது ஆம்புலன்ஸ் கூப்புடுவாங்களா? நேத்து டப்பாவுலேர்ந்து எடுத்த புது லேப்டாப்ல கூட இதுல செவப்பும் மஞ்சளும் இருக்கும். இல்லாத கம்ப்யூட்டரை நான் இது வரைக்கும் பாத்ததில்ல.

அடுத்தது கருப்பு ஸ்க்ரீனு. கமாண்ட் ப்ராம்ப்ட்டை தொறந்து நெட்ஸ்டாட்னு அடிப்பான். வரிசையா நம்பரு ஓடும், மேல தலைப்புல ‘ஃபாரின் அட்ரஸ்’னு போட்டிருக்கும். பாத்தீங்களா சார், ஃபாரின்லேர்ந்து ஆளுங்க கனெக்ட் ஆகி இருக்கானுங்கன்னுவான். நம்ம ஊருல ஃபாரின்னா சிங்கப்பூரு, துபாய், பர்மா பஜாருல தொங்குற சாமான், அவ்ளோதான் நமக்கு தெரியும். நெட்வொர்க் பாஷையில ஃபாரின்னா இந்த மெஷினுக்கு வெளிய இருக்குற இன்னொரு மெஷின், அவ்ளோதான். நீங்க ஒரு வெப்சைட்டை தொறந்து வெச்சிருந்தா அந்த வெப்சைட்டு அதுல தெரியும். பக்கத்து ரூம்ல இருக்குற பிரிண்டரு கூட ஃபாரின்தான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, அதாவது ஆளு எவ்ளோ யோசிச்சிருக்கான்னு ஆச்சரியப்படுறது, அசாக் கமாண்டு. அவன் போன்லயே சொல்லுவான், உங்க கம்ப்யூட்டருக்குன்னு ஒரு தனி லைசென்ஸ் நம்பர் இருக்கு, உலகத்துல வேற யாருக்கும் அது கெடையாது, எங்க சர்வர்ல அது பதிவாகி இருக்கு, நான் படிக்கிறேன் நீங்க செக் பண்ணிக்கோங்கன்னு. ஏ, எஸ், எஸ், ஓ, சின்னு எழுத்துக் கூட்டி உங்களையே அந்த கமாண்டை அடிக்க சொல்லுவான். கடைசி வரியில நீளமா ஒரு நம்பர் நிக்கும். அவன் அங்கேர்ந்து 888 டி சி ஏ 60ன்னு படிப்பான், இங்க ஸ்க்ரீன்ல அதேதான் இருக்கும், ஒரு எழுத்து மாறாது. ஐயோ நம்ம நம்பர் இவனுக்கு எப்படி தெரியும், நெசமாவே கம்பெனிதான் போலன்னு அங்க விழுந்துடுவோம். விசயம் என்னன்னா அந்த நம்பர் எல்லா விண்டோஸ்லயும் ஒன்னுதான். ஃபைலை ஜிப் பண்ணி அனுப்புறதுக்கு விண்டோஸ் உள்ளுக்குள்ள வெச்சிருக்குற ஒரு குறியீடு அது. எங்கடையிலயும் அதுதான், கலெக்டர் ஆபீஸ்லயும் அதுதான், அந்தத் திருடன் எதுர்ல இருக்குற மெஷின்லயும் அதேதான். ‘உங்க வலது கையில அஞ்சு வெரல் இருக்கு, சரியா?’ன்னு கேக்குற கிளி ஜோசியம் இது.

இன்னும் ட்ரீன்னு ஒரு கமாண்டு இருக்கு, ஃபோல்டர் பேரையெல்லாம் சரசரன்னு மழை மாதிரி ஓட விடும், அதைக் காட்டி ஸ்கேன் ஓடுதுன்னுவான், ஓடி முடியுற நேரத்துல அவனே கீழ ‘வைரஸ் ஃபவுண்ட்’னு டைப் பண்ணிடுவான், இது ஒன்னுதான் அவன் கை வேலை. சர்வீசஸ் லிஸ்ட்டை தொறந்து பாதி ‘ஸ்டாப்டு’ன்னு இருக்குது பாருங்க, செக்யூரிட்டி எல்லாம் நின்னு போச்சும்பான். ஆள் இல்லாத ரூம்ல லைட்டு எரியல, அதுக்குப் பேரு கரண்ட் கட்டா?

இந்த கூத்தெல்லாம் ஒரு பத்து நிமிசம், கால் மணி நேரம். அதுக்குள்ள நம்ம பிபி ஏறிடும். கூத்துக்கு காரணம் ஒன்னே ஒன்னுதான், ரிமோட் ஆப்பை, அதாவது எங்கேயோ ஒக்காந்துட்டு நம்ம மெஷினை ஓட்ட விடுற ஆப்பை, நாம நம்ம கையாலயே இறக்கி, அதுல வர்ற நம்பரை நம்ம வாயால சொல்லணும், இல்ல அதை உள்ள விட்டதுக்கு அப்புறம் வெளிய துரத்தாம இருக்கணும். எனிடெஸ்க், டீம்வியூவர், விண்டோஸோட க்விக் அசிஸ்ட், இதெல்லாம் நல்ல சாமான்தான், நானே எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையோட டாலி கணக்கு சாஃப்ட்வேர் பிரச்சனைய கடையிலேர்ந்தே இதுல ஒக்காந்து சரி பண்றேன். கத்தி மீன் வெட்டவும் ஆகும், வேற எதுக்கும் ஆகும். 2019 பிப்ரவரியிலயே ரிசர்வ் பேங்க் எனிடெஸ்க் பேரையே சொல்லி பேங்குகளுக்கு எச்சரிக்கை அனுப்புச்சு, இந்த மாதிரி ஆப்பை இறக்க வெச்சு யுபிஐ வழியா காசு உருவுறானுங்கன்னு.

ரிமோட் கொடுத்துட்டா என்ன ஆகும்னு பலருக்கு முழுசா தெரியல. அவன் உங்க ஸ்க்ரீனைப் பாக்குறான், இது தெரியும். மவுஸும் கீபோர்டும் அவன் கையில, இதுவும் தெரியும். ஆனா சில ஆப்புல உங்க ஸ்க்ரீனை கருப்பா ஆக்கிட்டு பின்னாடி அவன் வேலையைப் பாக்கலாம், ‘அப்டேட் ஓடுது சார் தொடாதீங்க’ம்பான். நீங்க இல்லாதப்பவும் உள்ள வர ஒரு பாஸ்வேர்டு செட் பண்ணி வெச்சுட்டு போயிடலாம், போனை வெச்சதுக்கு அப்புறமும் கதவு தொறந்தே கிடக்கும். ப்ரௌசர்ல சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்டு, மெயில், பான் கார்டு ஸ்கேன், எல்லாம் அவன் பார்வையில. மொபைலா இருந்தா இன்னும் மோசம், ஓடிபி வர்ற எடமும் பேங்க் ஆப் இருக்குற எடமும் ஒன்னேங்கறதால பூட்டும் சாவியும் ஒரே ஆணியில தொங்குற கதை.

அப்புறம் ரீஃபண்டுன்னு ஒரு ஐட்டம். நீங்க ஏற்கனவே கட்டுனதை திருப்பித் தர்றோம், நெட் பேங்கிங்கை தொறங்கன்னுவான். தொறந்த பக்கத்துல பேலன்ஸ் இருக்குற எழுத்தையே ப்ரௌசருக்குள்ள மாத்துவான், எந்த வெப்சைட்டையும் அப்படி மாத்தலாம், உங்க ஸ்க்ரீன்ல மட்டும் மாறும், பேங்க்குல ஒன்னும் ஆகாது. 5,000 போடுறதுக்கு பதிலா 50,000 போட்டுட்டேன் சார், என் வேலையே போயிடும், மிச்சத்தை அனுப்புங்க சார்னு அழுவான். அழுவுறவனைப் பாத்து நம்ம ஜனம் எரக்கப்படும். தன் சொந்தக் காசையே எடுத்து அவனுக்கு அனுப்பும். பயத்தை விட எரக்கத்துல போன காசு ஜாஸ்தி இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

இதோட பூர்வீகம் நம்ம நாடுதான், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. கால் சென்டர் தொழில் வளந்தப்ப இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச பசங்க, இன்டர்நெட்ல குறைஞ்ச காசுக்கு போன் லைன், வெளிநாட்டு டாலரு, மூணும் சேந்துச்சு. அமெரிக்காவுல நுகர்வோர் மோசடியைப் பாத்துக்குற அரசு அமைப்பு எஃப்டிசி, 2012 அக்டோபர்லயே ஆறு கூட்டத்து மேல கேஸ் போட்டுச்சு, அதுல பெரும்பாலானது இந்தியாவுல ஒக்காந்து ஓட்டுனது. 2018 கடைசியில மைக்ரோசாஃப்ட் புகார் கொடுத்து டெல்லி பக்கத்துல ரெண்டு மாசத்துக்குள்ள 26 கால் சென்டரை போலீஸ் ரெய்டு பண்ணுச்சு. 2023 அக்டோபர்ல சிபிஐ ஆபரேஷன் சக்ரா 2ன்னு 76 எடத்துல தேடுனாங்க, அதுல ரெண்டு கேஸு மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் டெக் சப்போர்ட் மோசடின்னு கொடுத்த புகாருதான். அந்த 2023 ஒரு வருசத்துல மட்டும் அமெரிக்காவுல இந்த மோசடியில போனதுன்னு எஃப்பிஐகிட்ட புகார் ஆன தொகை 92 கோடி டாலருக்கும் மேல, அதுலயும் அறுவது வயசு தாண்டுனவங்க காசுதான் அதிகம்.

ஒரு சின்ன விசயம், சம்பந்தம் இருக்கு அதனால சொல்றேன். இன்டர்நேஷனல் வாய்ஸ் ப்ராசஸ், நைட் ஷிஃப்ட், கேப் உண்டு, டிகிரி தேவையில்ல, இன்சென்டிவ் தனின்னு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பசங்களுக்கு வாட்ஸ்அப்ல வேலை விளம்பரம் வருது. எல்லாம் தப்பான எடம்னு சொல்ல வரல. ஆனா கம்பெனி பேரு ஒன்னு, போன்ல சொல்ல சொல்ற பேரு வேற ஒன்னுன்னா, உங்க பேரையும் மாத்தி ‘பீட்டர்’னு சொல்லச் சொன்னா, அன்னிக்கே பையைத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்கப்பா. அதே மாதிரி அக்கவுண்டு வாடகைக்கு கேக்குறவன், ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு மாசம் இவ்ளோ தர்றேன்னா, திருட்டுக் காசு ஓடுற வாய்க்காலு அதுதான். போலீஸ் மொதல்ல வந்து கதவைத் தட்டுறது அந்த அக்கவுண்டுக்காரன் வூட்டை.

சரி, செவப்பு ஸ்க்ரீன் அலறுறது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரனுக்கு போட்ட வலை, பெரியவருக்கு வந்த மாதிரி அப்பப்போ நம்மாளும் சிக்குறான். ஆனா அதே வித்தை தமிழ்ல வேட்டி கட்டிட்டு வேற வேசத்துல வருது. அதுல பெரிய ஆளு ஈ.பி. மெசேஜு. ‘போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்’னு ஒரு பத்து இலக்க மொபைல் நம்பர் போட்டு வரும். வெயில் காலத்துல ராத்திரி கரண்டு போகும்னா எவன் யோசிப்பான், கப்புனு போன் பண்ணிடுவான். அந்தப் பக்கம் ஈ.பி. ஆளு மாதிரியே பேசி, பத்து ரூபா கட்டுனா அப்டேட் ஆயிடும், அதுக்கு இந்த ஆப்பை இறக்குங்கன்னுவான். பத்து ரூபா சும்மா சாக்கு, அதைக் கட்டுறப்ப நீங்க அடிக்கிற கார்டு நம்பரும் பின்னும் ஸ்க்ரீன்ல அவனுக்கு தெரியும். ஒரு நிமிசம் நின்னு அந்த மெசேஜை படிச்சாலே பல்லு இளிக்கும். போன மாத பில்லுங்கறான், நம்ம தமிழ்நாட்டுல வூட்டு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே! வடநாட்டு வழக்கத்துக்கு எழுதுன மெசேஜை அப்படியே இங்கயும் தூக்கி போட்டிருக்கானுங்க. அப்புறம் காசு கட்டலைன்னா ஆளு பகல்ல வந்து ஃபியூஸை புடுங்கிட்டு போவாரு, ராத்திரி ஒம்பதரைக்கு எந்த லைன்மேன் வேலை செய்யுறாரு, கம்ப்ளைண்ட் பண்ணாலே காலையில வர்றேன்னுவாரு. டவுட்டு இருந்தா ஈ.பி.யோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு நீங்களா போன் போட்டு கேட்டுக்கலாம்.

இன்னொன்னு, இது அவன் கூப்பிடாம நம்மளையே போன் பண்ண வைக்கிற வேலை. ஃப்ரிட்ஜு ஓடல, கொரியர் வரல, பேங்க் ஆப்ல காசு மாட்டிக்கிச்சு, உடனே என்ன பண்றோம், கம்பெனி பேரு போட்டு ‘கஸ்டமர் கேர் நம்பர்’னு தேடுறோம். மேல வர்றது காசு கொடுத்து போட்ட விளம்பரமா இருக்கலாம், மேப்புல யாரோ மாத்தி வெச்ச நம்பரா இருக்கலாம். தேடுனது நாமதானே, அவன் கூப்புடலையேங்கற தைரியத்துல ஓடிபி வரைக்கும் கொடுத்துடுவோம். காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்குற ஒரு அக்கா, வியாபாரத்துல ஒத்த ரூபா யாரும் ஏமாத்த முடியாத ஆளு, இப்படித்தான் மாட்டுனாங்க. "நான்தானடா போன் பண்ணேன், அவனா பண்ணான்?"னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. ‘தெரியாத ஆளு கூப்பிட்டா எடுக்காதே’ன்னுதான எல்லாரும் சொல்லிக் கொடுத்தோம், நம்பரை எங்கேர்ந்து எடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லல.

நான் கடைக்கு வர்றவங்ககிட்ட கேக்குற கேள்வி அதனால இது ஒன்னுதான்: அந்த நம்பர் உனக்கு எங்க கெடச்சுது? ஸ்க்ரீன்ல அலறுன பெட்டியிலயா, எஸ்எம்எஸ்லயா, தேடுனப்ப மேல வந்துச்சா? மூணுமே குப்பை. பேங்க்குன்னா கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கு, பாஸ்புக்குல இருக்கு. கம்பெனின்னா வாங்குன பில்லுல, அட்டைப்பெட்டியில, அவங்க ஆப்புக்குள்ள இருக்கு. பேங்க் வெப்சைட்டெல்லாம் இப்ப டாட் பேங்க் டாட் இன்னு முடியுற அட்ரஸுக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லி 2025 அக்டோபர் வரைக்கும் கெடு கொடுத்துச்சு, அந்த முடிவை பாத்துக்கோங்க. பேங்க்குலேர்ந்து உங்க அக்கவுண்டு சம்பந்தமா நெசமாவே கூப்புட்டா அது 1600ல ஆரம்பிக்கிற நம்பரா இருக்கணும்னும் விதி வந்திருக்கு, பத்து இலக்க மொபைல்லேர்ந்து ‘மேனேஜர் பேசுறேன்’னா வெச்சுடலாம். மைக்ரோசாஃப்ட்டைப் பொறுத்தவரைக்கும் அவங்களே சொல்லிட்டாங்க, எங்க எரர் மெசேஜ்ல போன் நம்பர் இருக்கவே இருக்காது, நாங்களா உங்களைக் கூப்பிட மாட்டோம்னு. ஸ்க்ரீன்ல நம்பர் இருந்தா அங்கயே தெரிஞ்சு போச்சு, வேற ஆராய்ச்சி வேணாம்.

அந்த அலறல் ஸ்க்ரீன் வந்தா என்ன பண்றதுன்னும் சொல்லிடுறேன். அது ஒரு வெப் பக்கம்தான், ப்ரௌசரை முழு ஸ்க்ரீனுக்கு விரிச்சு மேல க்ராஸ் பட்டனை மறைச்சு வெச்சிருக்கான், கூடவே ஒரு பொம்பளை குரலு ‘கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாதீர்கள்’னு இங்கிலீஷ்ல கத்தும். மொதல்ல சவுண்டைக் கொறைங்க, பாதி பயம் அதுலயே எறங்கிடும். எஸ்கேப் கீயை ஒரு சில செகண்டு அமுக்கிப் புடிங்க, ஸ்க்ரீன் சுருங்கும், மூடிடலாம். மசியலைன்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், ப்ரௌசர் பேரைப் புடிச்சு எண்ட் டாஸ்க். அதுவும் வேணாமா, பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணாதேன்னு அவன் சொன்னா ஆஃப் பண்ண வேண்டியதுதான். திரும்ப ஆன் பண்றப்ப பழைய பக்கத்தை தொறக்கவான்னு ப்ரௌசர் கேட்டா வேணாம்னுடுங்க. புதுப்படம் ரிலீசான வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு அடுத்த நாள்தான் எனக்கு இந்த கம்ப்ளைண்ட் ஜாஸ்தி வரும், காரணத்தை நான் சொல்லத் தேவையில்ல.

மூலையில தெனம் தெனம் ‘உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்’னு சின்னதா பெட்டி எட்டிப் பாக்குதா, அது என்னிக்கோ ஒரு சைட்டு ‘அலோ’ பண்ணுன்னு கேட்டு நீங்க அமுக்குனதோட பலன். ப்ரௌசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷனுக்கு போய் தெரியாத பேரையெல்லாம் தூக்குங்க, நின்னுடும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அது நெசம், அதை வெச்சு ‘உங்க விண்டோஸ் காலாவதி, உடனே காசு கட்டுங்க’ன்னு போன் வருது, அது பொய்.

இப்ப, ஏற்கனவே மாட்டியாச்சுன்னா. மொதல் வேலை நெட்டை புடுங்குறது, ரவுட்டரையே ஆஃப் பண்ணு, போனா இருந்தா ஏரோப்ளேன் மோடு. திட்டுறது, அழுவுறது, வூட்டுக்காரம்மாகிட்ட மறைக்கிறது எல்லாம் அப்புறம். வேற ஒரு போன்லேர்ந்து 1930. இது உள்துறை அமைச்சகத்தோட சைபர் கிரைம் நம்பரு, நீங்க சொன்னதும் காசு எந்த பேங்க்குக்கு போச்சோ அங்க தகவல் போய், இன்னும் எடுக்காம இருக்குற காசை நிறுத்தி வைக்கப் பாப்பாங்க. திருடன் அந்தக் காசை அக்கவுண்டு மாத்தி அக்கவுண்டு தாண்ட வெச்சு ஏடிஎம்ல உருவுறதுக்குள்ள புடிக்கணும், அதனால இதுல ஒவ்வொரு நிமிசமும் காசு. ட்ரான்ஸாக்ஷன் நம்பர், நேரம், தொகை கையில வெச்சுகிட்டு கூப்புடுங்க. கூடவே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல எழுத்துலயும் புகார் போடணும்.

பேங்க்குக்கும் ஒடனே சொல்லணும், ஏன்னு கேளுங்க. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில போட்ட விதிப்படி ஓடிபியோ பின்னோ நாமளே கொடுத்திருந்தா நாம சொல்ற வரைக்கும் போன காசு நம்ம தலையில, சொன்னதுக்கு அப்புறம் போறது பேங்க் தலையில. நம்ம தப்பு, பேங்க் தப்பு எதுவும் இல்லாம மூணாவது ஆளு உருவுனதா இருந்தா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டமே கெடையாது. பெரியவரு என்ன பண்ணாரு, மருமகளுக்கு தெரிஞ்சா கேவலம்னு நாலு நாளு லேப்டாப்பை துண்டு போட்டு மூடி வெச்சிருந்தாரு. அந்த நாலு நாள்ல இன்னும் ரெண்டு தடவை காசு போயிருக்கு, ரிமோட் ஆப்பு உள்ளயே ஒக்காந்திருந்துச்சு.

மெஷினைப் பொறுத்தவரைக்கும் அந்த ஆப்பை எடுத்துட்டு, ஃபுல் ஸ்கேன் ஓட்டி, மனசு ஒப்பலைன்னா ஃபைலை மட்டும் காப்பி பண்ணிட்டு விண்டோஸை புதுசா போட்டுடுறது நல்லது. பாஸ்வேர்டை வேற போன்லேர்ந்து மாத்துங்க, மொதல்ல மெயிலோடது, ஏன்னா மத்த எல்லா பாஸ்வேர்டையும் ரீசெட் பண்ற சாவி அந்த மெயிலுக்குத்தான் வருது. வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைஸ்ல தெரியாத மெஷின் எதாவது சேந்திருக்கான்னு பாருங்க. நமக்கு வர்ற காலை அவன் நம்பருக்கு திருப்பி விடுற கால் ஃபார்வர்டு போட்டு வெச்சிருக்கானான்னு டவுட்டு இருந்தா ##002# அடிச்சா எல்லாம் கேன்சல் ஆயிடும். போன்ல ப்ளே ஸ்டோர் இல்லாம வாட்ஸ்அப்ல வந்த ஏபிகேங்கற ஆப் ஃபைல் எதாவது போட்டிருந்தா அதை எடுங்க, அக்ஸசபிலிட்டின்னு ஒரு பர்மிஷன் இருக்கும், அதை எந்த ஆப்புக்கு கொடுத்திருக்கோம்னு பாருங்க, ஸ்க்ரீனைப் படிக்கிறதுக்கும் நமக்குப் பதிலா பட்டனை அமுக்குறதுக்கும் அந்த ஒரு பர்மிஷன் போதும்.

பெரியவருக்கு நான் 1930 போட்டுக் கொடுத்து, புகாரும் ஏத்தி, பேங்க்குல கொடுக்க லெட்டரும் அடிச்சுக் கொடுத்தேன். கடைசியா போன ஒரு தொகை மட்டும் இன்னும் ஏதோ ஒரு அக்கவுண்டுல கிடக்குன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க, மொதல்ல போனது போனதுதான் போல. ரெண்டு வாரம் கழிச்சு அந்த லெட்டருக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தாரு. ஒக்காந்திருக்கப்பவே அவர் போன் அடிச்சுது. எடுத்துக் கேட்டவரு மொகம் மலந்து போச்சு, பொத்திக்கிட்டு என்கிட்ட "தம்பி, சைபர் ஆபீஸ்லேர்ந்தாம், மொத்தக் காசும் கெடச்சுடுச்சாம், பைல் சார்ஜ் 4,999 மட்டும் கட்டச் சொல்றாங்க"ன்னாரு.

போனை வாங்கி ஸ்பீக்கர்ல போட்டேன். அவரு பேரு, போன தொகை, போன தேதி எல்லாத்தையும் அந்தாளு கரெக்ட்டா சொல்றான். கட் பண்ணிட்டேன்.

"எல்லாம் சரியா சொல்றானேப்பா, இவனுக்கு எப்படி தெரியும்?"

"காசை எடுத்தவனுக்கு தெரியாதா ஐயா எவ்ளோ எடுத்தோம்னு? அவனே கூப்புடுறான், இல்லைன்னா அந்த லிஸ்ட்டை வித்திருப்பான். புகார் கொடுத்தா காசு மீட்க கவர்மெண்டுல யாரும் சார்ஜ் கேக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கட்டைப்பையிலேர்ந்து ஒரு பழைய டைரியை எடுத்து, தேதியையும் வந்த நம்பரையும் எழுதி, பக்கத்துல ‘இவன் வேற’ன்னு எழுதிட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, "1930க்கு இதையும் சொல்லணும்ல, போடு"ன்னாரு.